பதினோரு காது

காரின் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் கட்டையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட நாற்பது நிமிடம். கதவுக் கண்ணாடி மோட்டாருக்கு முப்பது. கிளட்சு இறக்கி ஏற்ற நாலே கால் மணி நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு கார் ஷோரூமின் வாரன்டி சீட்டில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் செந்தமிழ்ச்செல்வியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத் தப்பில்லாமல் சொல்லுவாள். கார் கம்பெனி அனுப்பிய நேரப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாரன்டி முடியாத வண்டிக்கு வேலை பார்த்தால் அந்த நேரத்தைக் கம்பெனியிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற நேரத்தைக் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டுமென்றால் ஏன், எதற்கு, யார் பார்த்தது என்று எழுதிக் கேட்க வேண்டும். எழுதிக் கேட்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

அந்த நேரங்களை எல்லாம் அளந்து வைத்தவனை அவள் பார்த்ததில்லை. ஆனால் ஆள் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்து உட்காருவாள். ஏசியின் ஒரே சீரான ஓசையில் பட்டறைச் சத்தமெல்லாம் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிப்போகும். அப்போது அவன் வருவான். வெள்ளைத் தரை, வெள்ளை விளக்கு. அவன் கை வைக்கிற வண்டி அன்றைக்குத்தான் பிறந்த வண்டி. சேறு கண்டதில்லை, கரும்பு வண்டிக்குப் பின்னால் புழுதி தின்றதில்லை. போல்ட்டு எதுவும் அவனிடம் முரண்டு பிடிக்காது. தொட்டதும் சுழன்று கழன்று உள்ளங்கையில் வந்து உட்காரும். அவனுக்குத் தாகம் எடுக்காது. வீட்டிலிருந்து போன் வராது. பக்கத்தில் இன்னொருவன் கடிகாரத்தைப் பிடித்தபடி நிற்பான். நாற்பது நிமிடம் என்பான். அதோடு உலகத்துக்கே அது நாற்பது நிமிடமாகிவிடும்.

"அந்தப் புஸ்தகத்து ஆளோடதான் நீ குடும்பம் நடத்துற. நாங்க வெறும் வாடகைக்கு இருக்கோம்" என்பான் புருஷன் வெங்கடேசன். வடக்கனந்தலில் இரண்டு ஏக்கர் கரும்பும் ஒரு ஏக்கர் மரவள்ளியும் அவன் பாடு. காலையில் பாத்திரம் கழுவக் கொல்லைப்பக்கம் வந்தால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அதன் மேல் இருக்கிற மேகம் கரையும். அது பாதி கரைந்திருக்கும்போது அவளுக்கு பஸ். இது ஒன்றுதான் அவள் புத்தகத்தைப் பார்க்காமல் வைத்திருக்கும் நேரக் கணக்கு.

ஒரு வியாழக்கிழமை காலை, கம்பெனி ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் வளர்மதியின் வண்டி. எஞ்சின் ரப்பர் கட்டை மாற்றம். கேட்டது நான்கு மணி நேரம். மெக்கானிக்கின் மணிப்பதிவில் இருப்பது ஒரு மணி நேரம். நிராகரிப்பு. இன்னும் ஒரே ஒரு தடவை திருத்தி அனுப்பலாம். அதுவும் போனால் போனதுதான்.

நான்கு மணி நேரம் என்று அவளிடம் வாய்வார்த்தையாகச் சொன்னவன் முருகவேல். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு மலைக்கிராமத்துக்காரன். பட்டறையில் பன்னிரண்டு வருடம். பொய் சொல்ல வராது, அதிகம் பேசவும் வராது. ஆனால் யாருக்கும் பிடிபடாத சத்தம் உள்ள வண்டியென்றால் அவன் கைக்குத்தான் போகும். வண்டியைச் சுற்றி வருவான். நிற்பான். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். கொஞ்ச நேரம் கழித்து, "இது பல்லு இல்லீங்க, வயிறு" என்கிற மாதிரி ஏதாவது சொல்லுவான். திறந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

செல்வி சர்வீஸ் மேனேஜர் பொன்னுரங்கத்தின் மேசைக்குப் போனாள். அவர் கையில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. மெக்கானிக் ஒவ்வொருவரும் கைப்பேசியில் வேலை தொடங்கும்போது பச்சைப் பொத்தானையும் நிறுத்தும்போது சிவப்புப் பொத்தானையும் அமுக்க வேண்டும். சிவப்பை அமுக்கினால், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். சாப்பாடு, டீ, சாமான் வரவில்லை என்று ஏதாவது எழுதுவார்கள். அந்தப் பதிவைத்தான் அவர் அச்செடுத்து வைத்திருந்தார்.

"பாரு செல்வி, நல்லாப் பாரு. காலையில ஆறே முக்காலுக்கு நிறுத்தியிருக்கான். காரணம், காது. ஏழு மணிக்கு நிறுத்தியிருக்கான். காது. அப்புறமும் காது. பதினோரு தடவ! காது வலின்னா லீவு போட்டுகினு வூட்ல கெடக்க வேண்டியதுதானே? மலைக்குப் போய் டீச்சரம்மா வண்டியில சாஞ்சிகினு இருந்திருக்கான்."

"அவனுக்கு ஏது சார் காது வலி?"

"அத நீ சொல்லு. ஆபீஸ் பொண்ணு எரக்கப்பட்டு மருந்தே வாங்கிக் குடுத்துருச்சி." பொன்னுரங்கம் காகிதத்தை மடித்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அவன் மேல கோவம் இல்ல. ஆனா போன மாசமும் எல்லாரையும் விட இவன் மணிதான் கம்மி. அதுக்கு முந்தின மாசமும் அப்பிடித்தான். மேல கேக்கறாங்க. இந்த மூணு மணி நேரமும் வரலன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாட்டர் வாஷ்ல போட்டுருவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

வாட்டர் வாஷ் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஆறு வரை பம்பு இரையும். தகரக் கூரையில் தண்ணீர் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அந்த ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தாள். மூக்குத்தியைக் கொண்டுபோய் உரலில் போட்ட மாதிரி இருந்தது.

முருகவேல் டீக் கிளாசோடு டயர் அடுக்கின் ஓரம் நின்றிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினான்.

"அக்கா, ஆபீஸ்ல காதுக்கு சொட்டு மருந்து குடுத்தாங்க. எதுக்குங்க இது? எல்லாருக்கும் குடுக்கறாங்களா?"

"உனக்குக் காது வலியா?"

"இல்லீங்களே."

"அப்புறம் எதுக்குப்பா காது காதுன்னு போட்டு வச்ச?"

"காது வச்சேன் இல்லீங்களா, அதான். அந்தக் கட்டத்துல ஜாஸ்தி எழுத முடியாதுங்க."

"காது வச்சதுக்கு ஏன் செவப்ப அமுக்குன?"

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இவளே இப்படிக் கேட்கிறாளே என்கிற மாதிரி.

"கை சும்மா இருக்கறப்ப மணிய ஓட வுடலாங்களா? திருட்டு மாதிரி இல்லீங்களா அது?"

செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வரும்போல் இருந்ததால், "டீயக் குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அந்த மத்தியானம் புத்தகத்து ஆள் வரவில்லை. பதினோரு வரி கொண்ட காகிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, முருகவேல் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவள் மலையேறினாள்.

வளர்மதியின் வண்டி எட்டு மாதத்து வண்டி. ஒரு தட்டுச் சத்தம் வருகிறதென்று இரண்டு தடவை கீழே ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு தடவையும் கள்ளக்குறிச்சி வெயிலில் சத்தம் இல்லை. குறை ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை டீச்சர் போன் செய்தபோது முருகவேல் முதல் பஸ்ஸில் மேலே போய்விட்டான். வண்டி இராத்திரியெல்லாம் பனியில் நின்றிருந்தது. டீச்சர் ஓட்டினார். பச்சை. இரண்டு நிமிடம். இடது பக்கமாகத் திரும்பி ஏறுகிற வளைவில் ஒரே ஒரு தட்டு. சிவப்பு. காது.

மறுபடி தட்டச் சொன்னால் தட்டவில்லை. அடுத்த வளைவிலும் இல்லை. வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அவன் ஓரத்தில் குந்திக்கொண்டான். செல்விக்கு அது தெரிந்தது. சாலைக்கு மேல் மேகம் இறங்கி வண்டிக்குள்ளே போகிறது. எஞ்சின் சூடு ஆவியாக எழுந்து மேகத்தோடு கலக்கிறது. எங்கேயோ கீழே பஸ் ஒன்று கியர் மாற்றி முனகி ஏறுகிறது. அது போய்ச் சேரும் வரை அவன் பொறுத்திருக்கிறான். டீச்சர் சீட்டிலேயே உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். சாமைக் கொல்லையில் ஒரு குருவி கூவி ஓய்கிறது. ஏழு மணிக்கு மறுபடி பச்சை, மறுபடி தட்டு, மறுபடி சிவப்பு. குளிர்ந்திருந்தால் தட்டுகிறது, சூடேறினால் ஊமையாகிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் குளிர விட வேண்டியிருந்தது. பதினோரு தடவை. வண்டி ஓடியது மொத்தமே இருபது நிமிடம்தான். நின்றதுதான் வேலை. ரப்பர் கட்டைக்குள் ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் இறுகினால் அது வாய் திறக்கும், கீழே இறங்கி வந்தால் இளகி மூடிக்கொள்ளும்.

கண் திறந்தபோது ஏசியில் அவள் கை சில்லிட்டிருந்தது. மணி மூன்றரை.

மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டாள். விண்ணப்பங்களை அனுமதிக்கிற அதிகாரி பிரவீன்குமார். வயது குறைவு, மரியாதை அதிகம். முகம் பார்த்ததில்லை.

"மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா நிறுத்தி வச்ச நேரத்த நான் எப்பிடிக் குடுக்கறது? சிஸ்டம்ல மத்தவைன்னு வருது, காதுன்னு வருது. நான் மொதல்ல பார்ட்டு பேருன்னு நெனச்சிட்டேன். புஸ்தகத்துல தேடிக்கூடப் பாத்தேன்."

"அது பார்ட்டு இல்ல சார். கேட்டுகினு இருந்தான்."

"கேக்கறதுக்குக் கோடு நம்பர் இல்லையே மேடம். நான் ஒண்ணு சொல்லட்டா? துருன்னு போடுங்க. போல்ட்டு துருப்பிடிச்சி இறுகிப்போச்சி, எடுக்க மூணு மணி நேரம் ஆச்சின்னு போட்டு அனுப்புங்க. எல்லாரும் அதான் போடறாங்க. போட்டோ ஒண்ணு வச்சிருப்பீங்களே?"

வைத்திருந்தாள். எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவருடைய பழைய வண்டியில் எடுத்த துருப்பிடித்த போல்ட்டு. நல்ல வெளிச்சத்தில், செம்பருத்தி நிறத்தில், பார்த்தாலே இரக்கம் வருகிற துரு. பதினாறு வருடத்தில் அந்த ஒரு போல்ட்டு எத்தனையோ வண்டிகளில் ஏறி இறங்கியிருக்கிறது. அவள் அதை நினைத்து வெட்கப்பட்டவளும் இல்லை. நியாயமாக ஆன நேரத்தை நியாயமில்லாத வழியில் வாங்குவது இந்த உத்தியோகத்தில் சகஜம்.

விரல் அந்தப் படத்தின் மேல் போய் நின்றது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் துரு என்று எழுதினால் பதிவில் என்ன நிற்கும்? எட்டு மாத வண்டியில் ஒரு போல்ட்டை எடுக்க மூன்று மணி நேரம் திண்டாடினவன் முருகவேல் என்று நிற்கும். அடுத்த தடவை காது வைத்தாலும் மறுபடி ஒரு துரு தேட வேண்டும். அதற்கடுத்த தடவையும். ஒரு நாள் அந்தப் போல்ட்டை யாராவது அடையாளம் கண்டுகொண்டால் அவனோடு அவளும் வாட்டர் வாஷுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்தப் போட்டோ வேணாம் சார். குளிர்ல மட்டுந்தான் தட்டும்னு காட்டினா ஒத்துக்குவீங்களா?"

"எப்பிடி மேடம் காட்டுவீங்க? மலையத் தூக்கிகினு வரப்போறீங்களா?"

"நாளைக்கு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

கழற்றிய சாமானைக் கம்பெனி கேட்கிற வரைக்கும் பட்டறை அறையில் சீட்டுக் கட்டி வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துப்போகக் கூடாது. அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டுக் கூடையில் பழைய ரப்பர் கட்டையை வைத்து, மேலே டிபன் பாக்சை வைத்து மூடிக்கொண்டு ஐந்தரை பஸ் ஏறினாள்.

வெங்கடேசன் தண்ணீர் குடிக்கப் பிரிட்ஜைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மாவுப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில், பாலிதீன் பையில், கறுப்பாக ஒன்று.

"இன்னாடி இது, ஈரலா? இவ்ளோ கறுப்பா இருக்குது. ஆடா, எருமையா?"

"எஞ்சின் கட்டை. தொடாதீங்க, காலையில வரைக்கும் குளிரணும்."

"பதினாறு வருசமா அந்தப் புஸ்தகத்து ஆளு உன் மனசுல இருந்தான். இப்ப பிரிட்ஜுக்கே வந்துட்டானா?" என்று கதவை மெதுவாகச் சாத்தினான்.

காலையில் மேகம் மலைமேல் இன்னும் முழுசாக இருக்கும்போதே இரண்டு பேரும் கொல்லைக்கு வந்தார்கள். துவைக்கிற கல்லில் கட்டையை வைத்து, அதன் ஒரு முனையை அவன் மோட்டார் கொட்டகையில் கிடந்த இரும்புக் குழாயால் அசைக்க வேண்டும், அவள் போனில் சத்தத்தோடு படம் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவன் காலால் மிதித்துக்கொண்டு குழாயை ஒரு தடவை சாய்த்தான்.

டக்.

சின்னச் சத்தம்தான். அடுத்த வீட்டுக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

டக்.

பிறகு கட்டையை வெயிலில் வைத்துவிட்டு, அவன் பல் துலக்கினான், அவள் இட்லி ஊற்றினாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே கல், அதே குழாய். சாய்த்தான். சத்தம் இல்லை. இன்னும் அழுத்திச் சாய்த்தான். இல்லை.

"ஏன்டி, நெசமாவே வாய மூடிகிச்சே இது!" வெங்கடேசன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத அந்தாளு மலையில நின்னு, வண்டிக்குள்ள இருக்கும்போதே கேட்டானா?"

அன்றைக்கு அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸில் போய், இரண்டு படத்தையும் இணைத்து, பதினோரு வரியையும் இங்கிலீஷில் எழுதினாள். காது என்ற சொல் வரும் இடத்தில் முதலில் பரிசோதனை என்று எழுதினாள். அடித்தாள். கண்டறிதல் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். கடைசியில் பதினோரு தடவையும் அவன் செய்ததையே எழுதினாள்: வண்டி குளிரும் வரை காத்திருந்து, காது கொடுத்துக் கேட்டான்.

பதில் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் பொன்னுரங்கம் ஒன்றாம் தேதிப் பட்டியலைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். பேனாவில் எழுதவில்லை. வாட்டர் வாஷ் என்பதற்கு நேரே முருகவேல் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. முருகவேலுக்குத் தெரியும். வழக்கம்போல் வண்டிக்கடியில் படுத்து வேலை பார்த்தான்.

ஐந்தாம் நாள் திரையில் பச்சை விழுந்தது. கேட்ட மூன்று மணி நேரத்தில் இரண்டரை. முதல் இரண்டு நிறுத்தத்தில் எதைக் கேட்டார் என்று விளக்கம் போதாது என்று அரை மணி நேரத்தை வெட்டியிருந்தார்கள். கீழே பிரவீன்குமார் ஒரு வரி எழுதியிருந்தான்: கேட்ட நேரம் அனுமதிக்கப்பட்டது, இனிமேல் மணியை நிறுத்திவிட்டுக் கேட்டால் அனுமதி இல்லை.

பொன்னுரங்கம் படித்துவிட்டு ரப்பரைத் தேடினார். சாம்பல் பெயரை அழித்து, தூசியை ஊதினார். "ரெண்டரையே போதும். மேல காட்ட ஆச்சி. ஆனா அவன்கிட்ட சொல்லிரு செல்வி, செவப்ப அமுக்கினா அடுத்த மாசம் மறுபடியும் எழுதுவேன்."

சொன்னாள். முருகவேல் தலையாட்டினான். மறுவாரமே ஒரு வண்டிக்கு முன்னால் பச்சையை அமுக்கிவிட்டு நின்றான். தலையைச் சாய்த்தான். நிமிர்ந்தான். மறுபடி சாய்த்தான். பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்ட, கண்ணாடி அறை வாசலுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, முடியலீங்க. பையில மணி ஓடிகினே இருக்குதுன்னு நெனப்பு வந்தா வண்டிச் சத்தம் கேக்கல. மணிச் சத்தந்தான் கேக்குது."

"அதுல சத்தமே கெடையாதேப்பா."

"எனக்குக் கேக்குதுங்க."

பொன்னுரங்கம் நெற்றியைத் தேய்த்தார். யோசித்தார். அவர் எடுத்த முடிவை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. இனி சத்தம் கேட்கிற வேலையென்றால் முருகவேலின் போனைச் செல்வி பிடித்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போனால் மலைக்கு. பச்சையை அமுக்குவதும் அவள்தான், கடைசியில் சிவப்பை அமுக்குவதும் அவள்தான்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, ஏழு மணிக்கு, வெள்ளிமலைச் சாலையில், பெரியண்ணனின் புது வண்டியின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பெரியண்ணன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். இறங்கும்போது மட்டும் பின்னால் ஏதோ முனகுகிறது என்பது அவருடைய புகார். வண்டி ஒரு வளைவில் நின்றிருந்தது. மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து, அவள் முந்தானையை ஈரமாக்கி, அந்தப் பக்கச் சன்னல் வழியாகப் போனது. அவள் தினமும் கொல்லையிலிருந்து பார்த்துக் கரைகிறது என்று நினைத்த மேகம். அது எங்கேயும் கரையவில்லை, இங்கே சாவகாசமாக நடந்துகொண்டிருக்கிறது. மரவள்ளி இலைகள் சொட்டுச் சொட்டாக நீரை விட்டன. போனை அவன் கண்ணில் படாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது. மணி ஓடுவது அவளுக்கே மறந்துபோனது.

முருகவேல் பின்சக்கரத்துப் பக்கம் சாலையில் குந்தியிருந்தான். வண்டியை நியூட்ரலில் அரை அடி உருளவிடச் சொல்லுவான். நிறுத்தச் சொல்லுவான். தலையைச் சாய்ப்பான்.

"எங்க மாமனாரு வூட்லகூட என்ன இப்பிடிப் பேசாம உக்கார வச்சதில்லீங்க" என்று பெரியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முணுமுணுத்தார்.

"உஸ்ஸ்" என்றான் முருகவேல்.

வண்டி அரை அடி உருண்டது. நின்றது. இருபது நிமிடம் போயிருக்கும், முப்பதும் இருக்கலாம். சன்னலுக்குக் கீழிருந்து அவன் குரல் வந்தது, கோயிலில் பேசுகிற மாதிரித் தணிவாக.

"அக்கா, கோச்சிக்காதீங்க. மூச்ச மட்டும் கொஞ்சம் கம்மியா வுடுங்க."

செல்வி இழுத்த மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டாள்.